ஹொஸ்கோட்டைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த மஞ்சள் சேலை

காலை ஆறே முக்காலுக்கு விவேக் நகரில் ஆட்டோ பிடித்தேன். அல்சூர் வரை எண்பது ரூபாய். அங்கிருந்து ஹொஸ்கோட்டை பஸ். பெண்களுக்கு டிக்கெட் இலவசம், ஆதார் காட்டினால் போதும். கண்டக்டர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அங்கே பாட்டியை அஜ்ஜி என்பார்கள்.

"அஜ்ஜி, இது நீங்கதானா?"

"நான்தான்பா. பவுடர் போடறதுக்குள்ள புடிச்சுட்டாங்க."

நான் போனது மகள் செல்வி வீட்டுக்கு. அவள் புகுந்த வீட்டில் நான்கு தலைமுறையாகத் தக்காளிதான். இந்த வருஷம் செல்வி சொட்டுநீர்க் குழாய் போட்டு, மண்ணை வைக்கோலால் மூடி, பூச்சிமருந்தையும் நிறுத்திவிட்டாள். பதிலுக்குப் பசை தடவிய மஞ்சள் அட்டை. இலையைச் சுருட்டும் வெள்ளை ஈக்கு அந்த நிறம் என்றால் உயிராம், தேடி வந்து ஒட்டிக்கொள்ளுமாம். ஆனால் அட்டையில் ஈ ஒட்டவில்லை, செடியில் இலைதான் சுருண்டது. ஞாயிற்றுக்கிழமை வரை பார்ப்பேன், அப்புறம் மருந்துதான் என்று அவள் மாமனார் முனுசாமி கெடு வைத்துவிட்டார். இன்று அந்த ஞாயிறு. மகள் போனில் அழுதாள். சம்பந்தியின் மனசு குளிரட்டும் என்று, பேத்தி சடங்குக்கு அவர் எடுத்துக் கொடுத்த மஞ்சள் சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஹொஸ்கோட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் நாலு கிலோமீட்டர், முப்பது ரூபாய். ஒன்பது மணிக்குத் தோட்டத்தில் இறங்கினேன். சம்பந்தி முதுகில் மருந்து டேங்கோடு வரப்பில் நின்றார்.

"வாங்க சம்பந்தி. எங்க இந்தப் பக்கம்?"

"நீங்க சிலிண்டர் மாட்டிக்கிட்டு சந்திரனுக்குப் போறீங்கன்னாங்க. வழியனுப்ப வந்தேன்."

செல்வி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. "இன்னிக்கு அடிக்கலன்னா தோட்டமே போயிடும்மா."

அப்படி என்னதான் அட்டை என்று செடிகளுக்குள் இறங்கினேன். மூங்கில் கம்புகளில், என் தலைக்கும் மேலே தொங்கின.

"ஏன் இவ்ளோ ஒசரம்?"

"நான்தான் கட்னேன். ரோட்ல போறவன் கண்ணு சும்மா இருக்குமா? திருஷ்டிக்கும் ஆச்சு" என்றார் சம்பந்தி.

வெளியே வந்ததும் செல்வி, "அம்மா, அசையாத" என்றாள். முழங்காலிலிருந்து இடுப்பு வரை என் சேலையெல்லாம் வெள்ளை ஈ. இடுப்புக்கு மேல் ஒன்றுகூட இல்லை. செடியும் என் இடுப்பு உயரம்தான்.

"மாமா, ஈ செடி மட்டத்துலதான் பறக்குது. நம்ம அட்டை மேகத்துல தொங்குது."

சம்பந்தி வெகுநேரம் சேலையையே பார்த்தார். "சரி, சாயங்காலம் வரைக்கும் பாக்கலாம்" என்றார். டேங்கை மட்டும் இறக்கவில்லை.

அட்டைகளை எல்லாம் செடி மட்டத்துக்கு இறக்கிக் கட்டினோம். நாலு மணிக்குப் போய்ப் பார்த்தால், ரவை தூவிய மாதிரி ஒவ்வொரு அட்டையிலும் ஈ. சம்பந்தி தொட்டுப் பார்த்தார். விரல் பசையில் மாட்டிக்கொண்டது.

"உங்களையும் புடிச்சிருச்சு பாருங்க" என்றேன்.

இப்போது சிரித்தார். டேங்கை இறக்கி வைத்தார். "செல்வி, சுருண்ட செடிய மட்டும் புடுங்கிடு. மருந்து வேணாம்."

பிறகு தலையைச் சொறிந்தார். "கடைசி சால் செடிக்கு அட்டை பத்தல சம்பந்தி. அந்தச் சேலை..."

"குடுத்த சீரைத் திருப்பிக் கேக்கற மொத சம்பந்தி நீங்கதான்."

செல்வியின் பச்சைச் சேலைக்கு மாறினேன். ஈ ஒட்டட்டும் என்று அவரே என் சேலையில் விளக்கெண்ணெய் பூசி, கடைசி சாலில் இடுப்பு உயரத்துக்குக் கட்டினார். விவேக் நகர் மொட்டை மாடியில் என் மற்ற சேலைகள் காய்வதோடு சரி. உழைத்துச் சாப்பிடுவது இது ஒன்றுதான்.

திரும்பும் பஸ்ஸிலும் அதே கண்டக்டர்.

"அஜ்ஜி, காலைல மஞ்சள் சேலைல போனீங்களே?"

"அதுக்கு வேலை கெடச்சிருச்சுப்பா. அங்கயே தங்கிடுச்சு."