அக்காவின் உள்ளங்கால்

அன்றைக்குக் கரடியூர் வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். அக்கா, மாமா, அவர்கள் மகள் செல்வி, தம்பியாகிய நான், மாதாமாதம் சர்க்கரை அளவு பார்க்க வரும் நர்சம்மா. ஐந்து பேரில் ஒருவர்கூட அக்காவின் காலைப் பார்க்கவில்லை. அக்காவின் நினைவு மலருக்கு எழுதச் சொன்னதும் எனக்கு வந்தது இதுதான். அதனால் இதையே முதலில் எழுதிவிட்டேன்.

அக்கா பிறந்தது ஏற்காடு மலைக்குக் கீழே குப்பனூரில். அப்பா தவறியபோது எனக்கு ஏழு வயது. கல்யாணமாகி மலையேறிய அக்கா என்னையும் கையோடு கூட்டிவந்து வளர்த்தார்கள். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தே செல்வியைக் காலேஜ் வரை படிக்கவைத்தார்கள். நான் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அது அக்காவின் குறை இல்லை.

அக்காவுக்குச் சர்க்கரை என்று தெரிந்து ஆறு வருஷம். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். மாத்திரை போட்டாச்சா என்று தினமும் போன் செய்வேன். தும்மினாலே ஆஸ்பத்திரிக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பவன் என் தம்பி என்று அக்கா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்கள்.

அக்காவுக்கும் ஒரு பயம் இருந்தது, நர்சம்மா கோபிப்பார்களோ என்று. அவர் வருவதற்கு மூன்று நாள் முன்பே சோறு நின்றுவிடும். களி ஓர் உருண்டை, பாகற்காய், இனிப்பில்லாத காப்பி. மறந்துபோகும் மாத்திரையெல்லாம் அந்த மூன்று நாள் மட்டும் நேரத்துக்கு இறங்கும். அவர் வந்துபோன மறுநாள் ஆரஞ்சோ பலாவோ, எது சீசனோ அது. எங்கள் பக்கம் பலபேர் இப்படித்தான், பரீட்சைக்குப் படிப்பதுபோல. நானும் செய்திருக்கிறேன்.

அன்றைக்கு நூற்றுப் பதினெட்டு வந்தது. "நொம்பக் கட்டுப்பாடா இருக்கறீங்க" என்று நர்சம்மா மெச்சினார். காலில் புண் ஏதும் உண்டா என்றும் கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க சிஸ்டர்" என்று அக்கா காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்கள். இழுத்ததை நான் பார்த்தேன். அளவு நன்றாக வந்த சந்தோஷத்தில் கேட்காமல் விட்டுவிட்டேன்.

அக்கா மறைத்தது தோட்டத்தில் முள் குத்திய புண்ணை. நர்சம்மா சொல்லித்தான் ஏற்காட்டுச் செருப்புக்கடை பாயிடம் சர்க்கரைக்காரர்களுக்கான மெத்தென்ற செருப்புக்கு முன்பணம் கொடுத்திருந்தார்கள். பறிப்பு முடியட்டும் என்று வாங்கப் போகவில்லை. வலி தெரியாததால் மஞ்சள் வைத்துத் துணி சுற்றியிருந்தார்கள். பத்து நாள் கழித்து வாடை வந்து செல்விதான் அவிழ்த்துப் பார்த்தாள்.

சேலத்துக்கு ஜீப்பில் இறங்கும்போது நான் வாய்விட்டு அழுதேன். கேட்டிருக்கணும், விட்டுட்டேன் என்றேன்.

"நீ கேட்டாலும் காட்டியிருக்க மாட்டேன் கண்ணு. அந்த நர்சுப் புள்ள முன்னால பேரு கெட்டுப்போயிரும்னு இருந்துட்டேன்" என்றார்கள் அக்கா.

எனக்காகச் சொன்னார்களோ, நிஜமோ, தெரியவில்லை. கிருமி ரத்தத்தில் ஏறி, ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் அக்கா காலமானார்கள்.

சொந்தபந்தங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சோதனைக்கு முந்தின நாட்களில் வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள். மாத்திரையை விட்டிருந்தால் விட்டேன் என்று சொல்லுங்கள், திட்டினால் திட்டட்டும். சர்க்கரை உள்ளவர்கள் தினமும் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்கு வீட்டில் ஒருவர் பார்த்துச் சொல்லுங்கள். வலி இல்லை என்பதை நம்பாதீர்கள். சின்னப் புண்ணானாலும் அன்றே காட்டுங்கள். வெறுங்காலோடு தோட்டத்துக்குள் போகாதீர்கள்.

கூப்பிட்ட உடனே ஜீப் எடுத்தவருக்கும், செல்வியோடு ஆஸ்பத்திரியில் மாறிமாறி இருந்த அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும், கேட்காமலே மாமாவுக்கு லீவு போட்டுக்கொடுத்த எஸ்டேட் ரைட்டருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. நர்சம்மா இன்னும் எங்கள் முகம் பார்க்கத் தயங்குகிறார். அவர்மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. பழையபடி வீட்டுக்கு வர வேண்டும்.

துக்கம் கேட்க வந்த பாய் அந்தச் செருப்பையும் கொண்டுவந்து கொடுத்தார். ஆறாம் நம்பர், அட்டைப்பெட்டி பிரிக்கவில்லை. சர்க்கரை உள்ளவர் யாருக்குக் கால் சேர்கிறதோ, காரியத்தன்று போட்டுப் பார்த்து, போட்டபடியே நடந்து போங்கள். மீதிக் காசு வேண்டாம் என்கிறார் பாய். அக்கா யாரிடமும் பாக்கி வைத்ததில்லை, நான் கொடுத்துவிடுவேன். செருப்புக்கு இன்னும் தர வேண்டியது இருநூற்று ஐம்பது ரூபாய்.