செங்காவி பூசிய சைக்கிள்

எல்லைப் போராட்டம் முற்றிய வருஷம் என் வீட்டுக்காரரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. எங்கள் ஊரைத் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லி சைக்கிளில் கொடி கட்டிப் போனதுதான் குற்றம். அதே சைக்கிளில் துணிமூட்டை ஏற்றிப் பனச்சமூடு சந்தையில் விற்றுத்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

சைக்கிளையும் தேடி வருவார்கள் என்று கேள்விப்பட்டதும் மாமியார் சொன்னாள்: "கொளத்துச் சேத்துல தாத்தி வையி மக்கா. பலாத்தடி வருசக்கணக்கா கெடந்தும் ஒண்ணும் ஆவல்லியே."

எங்கள் பக்கம் மரத்தடியை அப்படித்தான் சேற்றில் புதைத்துப் பதப்படுத்துவோம். இரும்பும் மரமும் ஒன்றல்ல என்பது எங்கள் இரண்டு மண்டைக்கும் எட்டவில்லை.

எட்டு மாதம் கழித்து, அவரை விடப்போகிறார்கள் என்று ஆள் வந்து சொன்ன அன்று சைக்கிளை வெளியே எடுத்தோம். பார்த்ததும் குளத்தங்கரையிலேயே உட்கார்ந்து அழுதேன். சக்கரக் கம்பிகள் தொட்டால் உதிர்ந்தன. என் கம்மலைக் கொடுத்துப் பாறசாலையில் பழைய சக்கரங்களும் சங்கிலியும் வாங்கினேன்.

மிச்சத்தை நானே சுரண்டினேன். அரிவாள் முதுகால் சுரண்டி, புளி தேய்த்து, செங்கல் பொடியும் தேங்காய் நாரும் வைத்து உரசுவேன். கழுவிவிட்டுக் கஞ்சி குடித்து வருவதற்குள் மறுபடி துரு பூத்திருக்கும். எரிச்சலில் அந்தச் சைக்கிளைக் காலால் உதைத்ததும் உண்டு. கடைசியில் மண்ணெண்ணெயில் துடைத்து, காய்ந்த கையோடு செங்காவிப் பெயின்ட் பூச ஆரம்பித்தேன்.

இருக்கைக்குக் கீழே, குழாய்க்குள் என் நகம் இறங்கியது. அந்த இடத்து இரும்பு அப்பளம்போல நொறுங்கியது. சைக்கிள் இல்லையென்றால், அடிவாங்கிய முதுகோடு அவர் மண்வெட்டி பிடிக்க வேண்டும். அரக்கை உருக்கி ஓட்டையை அடைத்து, மேலே இரண்டு தடவை செங்காவி பூசினேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. என் கையை வெட்டிப்போட்டிருக்க வேண்டும்.

அவர் வந்து சைக்கிளைத் தடவிப் பார்த்தார். "கொள்ளாமே! புதுசு தோத்துப்போவும்" என்று சிரித்தார். அடுத்த சந்தைக்கு மூட்டையை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். சொல்லிவிட நினைத்தேன். அந்தச் சிரிப்பைப் பார்த்துச் சொல்லாமல் விட்டேன்.

சந்தைக்குப் போகும் இறக்கத்தில் குழாய் முறிந்தது. அவரைக் கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தார்கள். தொடை எலும்பு இரண்டாகிவிட்டது. பிறகு அவர் ஊன்றுகோல் இல்லாமல் நடக்கவே இல்லை. எங்கள் ஊர் கேரளத்திலேயே நின்றுவிட்ட செய்தியையும் படுத்துக்கிடந்துதான் கேட்டார்.

"பொலீசு அந்த அடி அடிச்சும் இந்தக் காலு ஒடியல்ல, கேட்டியா" என்று என்னிடம் அதிசயமாகச் சொல்வார். நான் அந்தக் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே "ம்" என்பேன்.