ஊர் கட்டிய ஒற்றைக் காது

உலகத்தில் எங்கெங்கோ என்னென்னவோ கட்டி வைத்திருக்கிறார்கள். மணலில் முளைத்த ராட்சதக் கை ஓரிடத்தில், தலைகீழாக நிற்கும் வீடு இன்னோரிடத்தில். நம்மவர் வேலை பார்த்த நகராட்சிக்கும் அந்த ஆசை வந்து, இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு காது கட்டியது. ஒரு காதில் வாங்கி மறு காதில் விட இன்னொன்றும் கட்டியிருக்கலாம், பணம் போதவில்லை. ‘மக்கள் குரல் கேட்கும் செவி’ என்று பலகை மாட்டினார்கள். திறந்துவைத்த கையோடு, அலுவலகத்திலிருந்த புகார் ஜன்னலை மூடியும் விட்டார்கள்.

அந்த ஜன்னலில் பியூனாக இருந்த நம்மவரைக் காதுக்குள் உட்கார வைத்தார்கள். ஒரு முக்காலி, துடைப்பம், வாளி, சுவரில் ஒரு பட்டன். வெளியே நிற்பவர் குறையைச் சொல்லி முடித்ததும் பட்டனை அழுத்த வேண்டும். காது மடலில் பச்சை விளக்கு எரியும். கேட்டாயிற்று என்று அர்த்தம். ஊருக்குள் அவர் பெயர் காதுக்காரர் ஆயிற்று. வீட்டில் மட்டும் கொஞ்சம் கௌரவமாக, “உள்ள பெரிய அதிகாரி உக்காந்து எல்லாத்தையும் கேக்கறார். நான் பின்கதவுல காவலுக்கு” என்று சொல்லி வைத்திருந்தார்.

ஆரம்பத்தில் மனிதர் நிஜமாகவே கேட்டுத் தொலைத்தார். சாக்கடை அடைப்பு, கைவிட்ட மகன், வராத ஓய்வூதியம் என்று கேட்டுக் கேட்டு சோறு இறங்கவில்லை. மேலதிகாரியிடம் போய்ச் சொன்னார்.

“உன்னை யாருய்யா கேக்கச் சொன்னா? பட்டனை அழுத்து, போதும்.”

அதன்பிறகு பிழைக்கக் கற்றுக்கொண்டார். பேசுகிறவர் குரல் தாழ்கிற இடம் பிடிபட்டுவிட்டது. அந்த இடத்தில் கட்டைவிரல் தானாகப் பட்டனுக்குப் போகும், தூக்கத்தில்கூட. செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். இங்கே செவிடனுக்குச் சம்பளமும் உண்டு.

வித்தை வீட்டுக்கும் வந்தது. மனைவி குரல் தாழ்ந்தால் ஒரு ‘ம்’. அவள் சோதித்துப் பார்க்க, “உங்க சட்டையில தீப்பிடிச்சிருக்கு” என்று சொன்ன நாளிலும் ஒரு ‘ம்’.

ஒரு வியாழக்கிழமை மதியம். சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். வெளியே யாரோ ஒரு பெண் வெகுநேரமாகப் பேசிக்கொண்டிருந்தாள். குரல் தாழ்ந்தது. விரல் அழுத்தியது.

“கேட்டுட்டீங்களா சார்? ரொம்ப சந்தோஷம்” என்றது குரல். “ஞாயித்துக்கிழமை தங்கச்சி வீட்டுக்குப் போறேன். இனி அந்த மனுஷன்கிட்ட திரும்பி வரதா இல்ல. ஏன்னு நீங்களாவது பொறுமையா கேட்டீங்களே, அது போதும்.”

காலையில் அந்தச் சோற்றைக் கட்டிக் கொடுத்த குரல். வாய்ச் சோற்றை விழுங்க மறந்து பின்கதவு வழியாக ஓடிவந்தார். அவள் ஏறிய பேருந்து நகர்ந்துவிட்டிருந்தது.

சாயங்காலம் கௌரவத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு மனைவியிடம் உண்மையைச் சொன்னார்.

“உள்ள அதிகாரி யாரும் இல்ல. நான்தான் இருந்தேன்.”

“அப்ப எல்லாத்தையும் கேட்டீங்களா?”

“கடைசியில சொன்னதை மட்டும்.”

“காரணமெல்லாம் முதல்லதான் சொன்னேன்.”

“இப்ப சொல்லு. சத்தியமா கேக்கறேன்.”

பாவம், அவள் நம்பினாள். எதிரே உட்கார்ந்து முதலிலிருந்து ஆரம்பித்தாள். அவரும் கண் இமைக்காமல்தான் கேட்டார். அழுகை வந்து அவள் குரல் தாழ்ந்தபோது, அவர் கட்டைவிரல் மேசை விளிம்பை ஒருமுறை அழுத்தியது. அவள் அந்த விரலைப் பார்த்தாள். பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பையை அவரே பேருந்துவரை தூக்கிப் போனார். திரும்பும் வழியில் கால்கள் காதின் முன் போய் நின்றன. விடுமுறை நாள், ஆள் நடமாட்டமில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக வெளியே நின்று, மனதிலிருந்ததை எல்லாம் சொன்னார். சொல்லி முடித்து, அழுதுகொண்டே விளக்குக்காகக் காத்திருந்தார்.

அதை எரியவைக்கிறவர் உள்ளே இல்லை என்பது அவருக்கு ஞாபகம் வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.