சல்லடையக்காவின் புள்ளி

ஆராய்ச்சிக்கூடத்தின் வருகைப் பதிவேட்டில் அவளுக்கு முழுநீளப் பெயர் ஒன்று உண்டு. தினம் காலையில் கையெழுத்துப் போடும்போது அதை அவளே பார்த்துக்கொள்வதோடு சரி. வாசல் காவலாளியிலிருந்து இயக்குநர் வரை எல்லோருக்கும் அவள் சல்லடையக்கா. இருபத்தாறு வயதில் குப்பி கழுவ வந்தவள், ஐம்பத்தேழு வயதில் நீர்ப்பூச்சிப் பிரிவின் களப்பணியாளர். ஓடையில் வலை பிடிப்பது, வந்ததைச் சல்லடையில் அலசுவது, வெள்ளைத் தட்டில் கொட்டி இடுக்கியால் பூச்சியைப் பொறுக்குவது, ஸ்பிரிட் குப்பியில் போட்டுச் சீட்டு எழுதுவது, இதுதான் வேலை. சல்லடை அவள் கைப்பையை விட்டு இறங்காது. ஒருமுறை அவசரத்துக்கு அதிலேயே தேநீர் வடிகட்டிவிட்டாள் என்று அவள் கணவர் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். "கழுவினதுதான்" என்று இவளும் இன்றைக்கும் பதில் சொல்வாள்.

அவள் தேடும் ஜீவன் ஒருநாள் பூச்சி. "ஓ, ஈசலா?" என்று யாராவது கேட்டால் அக்காவின் முகம் மாறிவிடும். ஈசல் மண்ணிலிருந்து வருவது, இது தண்ணீரிலிருந்து வருவது. குஞ்சாக நீருக்குள் மாதக்கணக்கில் தின்று வளரும். சிறகு முளைத்து வெளியே வந்தால் தின்ன வாய் கிடையாது. ஒரு நாளோ, ஒன்றரை நாளோ, அதற்குள் கல்யாணம், முட்டை, சாவு எல்லாம் முடிந்துவிடும். அவ்வளவு அவசரத்திலும் அதற்கு ஒரு மினுக்கு: சிறகு வந்த பிறகும் இன்னொரு முறை தோல் உரிக்கும். வேறு எந்தப் பூச்சியும் அப்படிச் செய்வதில்லை. "வாசல் வரைக்கும் வந்துட்டு, இந்தச் சட்டை நல்லா இல்லன்னு மாத்திக்கிட்டுக் கிளம்புது பாருங்க" என்பாள் அக்கா.

இதை இனம் பிரித்துக் குடும்பம் குடும்பமாக அடுக்குவது டாக்டரம்மாவின் வேலை. அக்காவைவிடப் பத்து வயது இளையவள், பிரிவின் தலைவி. அவள் வைத்திருக்கும் பெயர்களைச் சொன்னால் பல் சுளுக்கிக்கொள்ளும். அக்கா தனக்கென்று வேறு பெயர்கள் வைத்துக்கொண்டாள். வயிற்றோரச் செவுள்களை இலை போல விரித்துக்கொண்டு துள்ளி நீந்துவது மீன்குஞ்சு. முதுகில் இரண்டு சதுரச் செவுள்களைக் கதவு போலச் சாத்தி, மற்ற செவுள்களில் சேறு படாமல் காப்பது கதவுக்காரி. உடம்பு தட்டையாக, கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடப்பது சப்பட்டை. நாளடைவில் டாக்டரம்மாவே, "அக்கா, இந்தத் தட்டுல கதவுக்காரி எத்தனை?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

வறண்ட நிலத்தில் ஒருநாள் பூச்சிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். மழை பெய்து குட்டை நிரம்பினால், அது வற்றுவதற்குள் இரண்டு மூன்று வாரத்தில் வளர்ந்து பறந்துவிடும் மீன்குஞ்சுகள் உண்டு. கலங்கிய தேக்கத்திலும் கதவைச் சாத்திக்கொண்டு காலம் தள்ளும் கதவுக்காரிகள் உண்டு. சப்பட்டைக்கு மட்டும் அந்தச் சாமர்த்தியம் போதாது. அதற்குக் குளிர்ந்து ஓடும் தண்ணீர் வேண்டும், மூச்சு முட்டாத தண்ணீர் வேண்டும். ஆகவே கூடத்துச் சுவரில் தொங்கிய பெரிய வரைபடத்தில் சப்பட்டையைக் குறிக்கும் சிவப்புக் குண்டூசிகள் எல்லாம் மலையோரமாகவே குவிந்திருந்தன. ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று பாலைவனத்தின் நட்டநடுவில், சுற்றிலும் ஒரு துணை இல்லாமல் நின்றது. அதற்கு அக்கா புள்ளி என்று பெயர். இருபத்திரண்டு வருடத்துக்கு முன், டாக்டரம்மா மாணவியாக உடன் வந்திருந்தபோது, பாறைக்கு அடியில் கசியும் ஓர் ஊற்றில் அக்கா வலை போட்டு எடுத்த ஒரே ஒரு சப்பட்டை. அதன்பின் இரண்டு முறை போய்ப் பார்த்தார்கள். ஒருமுறை ஊற்று வற்றிக் கிடந்தது, மறுமுறை கதவுக்காரிகள்தான் அகப்பட்டன. ஆனாலும் அந்த ஒற்றைப் பூச்சியை வைத்து டாக்டரம்மா பெரிய கட்டடமே கட்டியிருந்தாள்: பழங்காலத்தில் மலையிலிருந்து அந்த வழியே ஆறு ஓடியது, ஆறு செத்தும் ஊற்றில் ஒரு குடும்பம் தங்கிவிட்டது என்று. இருபது வருட உழைப்பில் அவள் எழுதிய வறண்ட நிலத்து ஒருநாள் பூச்சிகள் பற்றிய நூலில் ஏழாம் அத்தியாயம் முழுக்க அதுதான். இன்னும் ஒன்பது நாளில் நூல் அச்சுக்குப் போக வேண்டும்.

அக்காவின் கணவர் தையல்காரர். வீட்டு முன்னறைதான் கடை. பித்தான் வைக்க வந்தவர், கால்சட்டை சுருக்க வந்தவர், யாரானாலும் புள்ளியின் கதையைக் கேட்காமல் துணியைத் திரும்ப வாங்க முடியாது. "எம்பொண்டாட்டி தட்டுல கொட்டினதும் அது விறுவிறுன்னு ஓடுச்சாம். இவ விடுவாளா? லபக்குன்னு பிடிச்சுட்டா." கண் காது மூக்கு வைத்துப் பேசுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அக்காவும் துணி மடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். வாய் சும்மா இருந்தாலும் முகம் மலர்ந்துவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கூடத்தின் கைவலை ஒன்றுக்குப் புதுப் பை தைக்கக் கணவர் உட்கார்ந்தார். கூடத்து வலைகளுக்கெல்லாம் அவர்தான் தையல்காரர். இரும்பு வளையத்தைச் சுற்றி மடித்துத் தைத்திருந்த பழைய விளிம்பை பிளேடால் பிரித்துக்கொண்டே போனவர் நிறுத்தினார்.

"இந்தா, இங்க வா. மடிப்புக்குள்ள என்னமோ ஒட்டிக்கிட்டிருக்கு. பொட்டா, பூச்சியா?"

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். காய்ந்து தாளாகிப்போன ஒரு சப்பட்டை. தையல் மடிப்பைக் கல் என்று நினைத்துக் கட்டிப்பிடித்தபடி கிடந்தது.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"நீதானே ஓடையில விடுற வலை. அதுல பூச்சி இல்லாம யானையா இருக்கும்?"

"அது இல்லைங்க. இந்த வலை மலைக்குப் போய் நாலு மாசமாச்சு. அதுக்கப்புறம் மூணு இடம் போட்டிருக்கேன். ஒவ்வொரு தடவையும் மூணு கழுவு கழுவியிருக்கேன்."

சொல்லி முடித்ததும் அவளுக்கே உறைத்தது: மூன்று கழுவுக்குப் பிறகும் பூச்சி மடிப்பில் தங்கும். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது போலாகிவிட்டது.

ஓர் இடத்து வலையை அடுத்த இடத்தில் இறக்குமுன் மூன்று முறை சுத்தத் தண்ணீரில் அலச வேண்டும். அந்தத் தொழிலின் முதல் பாடம் அது. அலசாவிட்டால் பழைய ஓடையின் பூச்சி புது ஊற்றில் பிறந்ததாகக் கணக்காகிவிடும். இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய அந்தப் பயணத்தில் முதல் நாள் மலை ஓடை. மறுநாள் பாலைவனம். வழியில் ஜீப் கொதித்துப் புகைந்தது. கேனிலிருந்த தண்ணீரை டிரைவர் ரேடியேட்டருக்கு ஊற்றினார், மீதியைக் குடிக்க வைத்துக்கொண்டார்கள். வலைக்குக் கிடைத்தது ஒரு குவளை. அன்றைக்கு அவள் மூன்று முறை கழுவவில்லை, ஒரு முறைதான்.

இத்தனை வருடமும் அது நினைவில் இல்லையா என்றால், இருந்தது. ஆனால் அதை மிதித்துக்கொண்டு வேறொரு நினைவு முன்னால் நின்றது. பூச்சி தட்டில் ஓடியதே! மடிப்பில் ஒரு நாள் முழுக்க வெயிலில் காய்ந்தது எப்படி ஓடும்? ஓடியதால் அது ஊற்றில் உயிரோடு இருந்தது என்றுதானே அர்த்தம். இப்போது பிளேடும் நூலும் கிடந்த மேஜை முன் நின்று அவள் கண்ணை மூடிப் பார்த்தாள். வெள்ளைத் தட்டு தெரிந்தது. பூச்சி தெரிந்தது. ஓட்டம் தெரியவில்லை. காதில் கேட்டதெல்லாம் கணவரின் குரல்தான்: விறுவிறுன்னு ஓடுச்சாம்.

"ஏங்க, அது ஓடுச்சுன்னு உங்ககிட்ட நான் எப்பச் சொன்னேன்?"

கணவர் பல்லில் நூலைக் கடித்தபடி யோசித்தார். "நீ பூச்சி கிடைச்சுதுன்னு சொன்ன. கிடைச்சா ஓடாதா என்ன? கதைக்கு ஒரு ஓட்டம் வேணாமா?"

அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு குவளைத் தண்ணீர்க் கதையை அவள் சொன்னதும் அவர் முகமும் தொங்கிப்போனது.

"விடு. இருபத்திரண்டு வருசம். யாருக்குத் தெரியப் போகுது? பூச்சியா எழுந்து வந்து சாட்சி சொல்லும்?"

"சொல்லும்" என்றாள் அக்கா.

குப்பிக்குள் போடும் சீட்டை அவள் எப்போதும் பென்சிலில்தான் எழுதுவாள். பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும், பென்சில் போகாது. முன்பக்கம் இடம், தேதி, எடுத்தவர் பெயர். பின்பக்கம் யாருக்கும் தெரியாத அவளுடைய பழக்கம் ஒன்று: உயிரோடு எடுத்தால் ஒரு சின்ன வட்டம், செத்துக் கிடந்தால் ஒரு கோடு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்போதைய தலைவர், "செத்த பூச்சி எங்கிருந்து மிதந்து வந்ததோ யார் கண்டா?" என்று ஒருமுறை கடிந்துகொண்டதிலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். அவர் போய்ப் பல காலமாயிற்று. பிறகு யாரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை, எழுதுவதை விடவும் இல்லை.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் கூடத்துக்குப் போனாள். அலமாரியைத் திறந்து, மூன்றாம் தட்டில் பஞ்சுக்குள் தனியாக வைத்திருந்த குப்பியை எடுத்தாள். சீட்டு உள்ளே கண்ணாடியோடு ஒட்டி நின்றது. ஜன்னலருகே போய்த் திருப்பிப் பார்த்தாள்.

கோடு. பழைய பென்சில், அவள் கை, சந்தேகத்துக்கே இடமில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த நிமிடத்தில் அவள் யோக்கியமாக எதையும் நினைக்கவில்லை. அந்தக் கோட்டைப் படிக்கத் தெரிந்த ஆள் உலகத்தில் ஒருத்திதான். குப்பியைத் திரும்பப் பஞ்சில் படுக்க வைத்தால் கதை முடிந்தது. அடுத்த வருடம் ஓய்வு, கையில் நூல், அதில் அவள் புள்ளி. படிப்பு இல்லாத ஒருத்திக்குக் கிடைத்த ஒரே மரியாதை. மேஜை மேல் அச்சுப்படிகள் அடுக்கியிருந்தன. மேலே ஏழாம் அத்தியாயம், ஓரமெல்லாம் டாக்டரம்மாவின் திருத்தங்கள். எத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் வீட்டுக்குப் போகாமல் இதே மேஜையில் கிடந்தாள் என்று அக்காவுக்குத் தெரியும். தன் புள்ளி போவதைவிட அதுதான் அவளுக்குப் பெரிய நஷ்டமாகப் பட்டது.

டாக்டரம்மா உள்ளே வந்தபோது அக்கா குப்பியைக் கையிலேயே வைத்திருந்தாள். மடிப்பு, ஒரு குவளைத் தண்ணீர், கோடு, எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி முடித்தாள்.

டாக்டரம்மா சீட்டை மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்துப் பார்த்தாள், நிமிர்ந்தாள்.

"ஊத்துலயே செத்திருக்கலாம் இல்லையா, அக்கா?"

"இருக்கலாம், டாக்டரம்மா. ஆனா அந்த ஊத்துக்கு மேல ஓடை கிடையாது, மிதந்து வர வழியே இல்ல. ஒண்ணு அங்கயே இருந்திருக்கணும், இல்ல என் வலையில வந்திருக்கணும். என் வலை சுத்தமில்ல. இருக்கலாம்னு நீங்க எங்கயாவது குண்டூசி குத்துவீங்களா?"

"ஒன்பது நாள்ல அச்சுக்குப் போகுதுக்கா!" அவள் குரல் உடைந்தது. "இருபது வருசம் கழிச்சு இப்பச் சொல்றீங்களே. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா?"

 டாக்டரம்மா கதவை அறைந்துகொண்டு வெளியே போனாள். அக்கா சல்லடையை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள். கழுவினதையே மறுபடி கழுவினாள். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, அதையும் தண்ணீர்க் குழாயே பார்த்துக்கொண்டது.

அரை மணி நேரம் கழித்து டாக்டரம்மா இரண்டு தேநீரோடு வந்தாள். மூக்கு சிவந்திருந்தது. ஒன்றை அக்கா பக்கம் தள்ளினாள்.

"வடிகட்டினதுதான். உங்க சல்லடையில இல்ல."

அக்கா சிரிக்கப் போய் விம்மிவிட்டாள். டாக்டரம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஏழாம் அத்தியாயத்தின் அச்சுப்படியை எடுத்து முதல் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டாள்.

"அந்த ஊத்துப் பயணத்துல ஜீப்புல நான் மயங்கிக் கிடந்தேன். எனக்குத் தண்ணி குடுத்தது யாரு?"

"நான்தான்."

"வலைக்கு வச்சிருந்த தண்ணியா?"

அக்கா தேநீரை ஊதினாள்.

"போய் நீங்களே எடுங்க, அக்கா. எனக்குக் கை வராது."

அக்கா முக்காலி போட்டு ஏறி, பாலைவனத்தின் நடுவிலிருந்து அந்தச் சிவப்புக் குண்டூசியைப் பிடுங்கினாள். வரைபடத்தில் சின்ன ஓட்டை மட்டும் மிஞ்சியது.

நூல் நான்கு மாதம் தாமதமாக, ஓர் அத்தியாயம் குறைவாக வந்தது. அக்காவுக்கு ஒரு பிரதி கிடைத்தது. அதைத் தையல்கடை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். யாரோ பித்தான் வைக்க வந்திருந்தார். இனி இவர் எந்தக் கதையைச் சொல்லி ஆளை உட்கார வைப்பார் என்று நினைத்தபடி துண்டால் முகத்தைத் துடைத்தாள்.

"இந்தப் படத்தைப் பாருங்க" என்று கணவரின் குரல் கேட்டது. பக்கத்தை விரித்து, புள்ளி எதுவும் இல்லாத நடுப்பகுதியில் தையல் விரலுறை மாட்டிய விரலை வைத்திருந்தார். "ஓரத்துல இருக்கிற புள்ளியெல்லாம் யார் யாரோ வச்சது. இந்த வெள்ளை இடம் இருக்கு பாருங்க, இது எம்பொண்டாட்டி."