கீழ்க் கட்டிலில் ஒரு திரை

குடும்பத்தோடு போய்த் தங்குவதற்கான கூப்பனை, குடும்பம் பக்கத்தில் இல்லாத ஆம்பளைகளுக்கு நடுவில் குலுக்கிப் போட்டால் என்ன ஆகும்? என் கணவரின் கம்பெனியில் அதைத்தான் செய்தார்கள். அபுதாபிக்கு மேற்கே ருவைஸில் அவருக்குச் சாரம் கட்டும் வேலை. சுத்திகரிப்பு ஆலையின் கோபுரங்களைச் சுற்றி இரும்புக் குழாய்களைப் பூட்டி, மற்றவர்கள் ஏறி நின்று வேலை செய்ய வழி பண்ணிக் கொடுக்க வேண்டும். கம்பெனி விளையாட்டு விழாவில் சீட்டுக் குலுக்கியபோது ஒரு பாலக்காட்டுக்காரருக்கு முதல் பரிசு விழுந்தது. தீம் பார்க்கை ஒட்டிய கேம்ப் கிரவுண்டில், மரக் கேபினில், குடும்பத்துக்கு இரண்டு இரவு. அவருடைய குடும்பம் பாலக்காட்டில் இருந்தது. அவர் இன்னொருவரிடம் கொடுக்க, அந்த ஆள் வேறொருவரிடம் தள்ளிவிட, கூப்பன் கைமாறிக் கைமாறிக் கடைசியில் என் கணவரிடம் வந்தது. அந்த மாதம் மனைவியும் மகளும் விசிட் விசாவில் வந்திருந்த ஒரே ஆள் அவர்தான்.

நானும் மகளும் அபுதாபியில் நர்ஸாக இருக்கும் என் சிநேகிதி வீட்டில் தங்கியிருந்தோம். தூத்துக்குடியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள் அவள். வார லீவு நாளில் மட்டும் அவர் ருவைஸிலிருந்து மூன்று மணி நேரம் பஸ்ஸில் வருவார், சாயங்காலமே திரும்பிப் போவார். அப்படி மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் மகள் அவரிடம் போகவில்லை.

அவளுக்கு ஏழு வயது. பிறந்ததிலிருந்து அவர் லீவில் ஊருக்கு வந்தது மூன்றே முறை. ஆனால் தினமும் போனில் அரை மணி நேரம் பேசுவாள். பேச்சென்றால் சாதாரணப் பேச்சில்லை, சோறு ஊட்டும்போதுகூட வாயை மூடமாட்டாள். அந்தப் பிள்ளைதான் விமான நிலையத்தில் அவரைப் பார்த்ததும் என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றது. அவர் குனிந்து கையை நீட்டியபோது, பள்ளிக்கூடத்துக்கு வந்த கல்வி அதிகாரிக்குச் சொல்வதுபோல "வணக்கம்" என்றது. அவர் சிரித்தார். சிரித்த முகம் சரியாக இல்லை.

கூப்பனுக்காக அவர் மூன்று நாள் லீவு வாங்கியிருந்தார். கேபினுக்குப் போகும் வழியில் டாக்சியில் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "இந்த மூணு நாளைக்குள்ள ஒரு தடவையாவது இவ தானா எங்கிட்ட வந்துட்டா போதும். நீங்க ஊருக்குப் போயிருவீய. அடுத்த லீவுக்கு ரெண்டு வருசம் ஆவும். அப்ப இவளுக்கு ஒம்போது வயசு. அதுக்கப்புறம் நான் விருந்தாளிதான்."

அது நடந்தே ஆக வேண்டும் என்று எனக்கும் இருந்தது.

எனக்கென்று இன்னொரு ஆசையும் இருந்தது. அதைச் சொன்னால் சிரிப்பார்கள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் நாங்கள் சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருஷம்கூடத் தேறாது. லீவில் வரும்போது அவர் லீவுக்காரராகத்தான் வருகிறார். புதுச் சட்டை, சென்ட் வாசம், வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலை, இதிலேயே நாள் போய்விடும். ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் இந்த மனுஷன் எப்படி இருப்பார், எங்கே பல் துலக்குவார், எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார், எதுவும் எனக்குத் தெரியாது. கம்பெனி ஆட்கள் தங்குகிற கேம்பில் உங்கள் ரூமைக் காட்டுங்கள் என்றால் "கேம்புக்குள்ள லேடீஸ விடமாட்டாவ" என்பார். வீடியோவிலாவது காட்டுங்கள் என்றால் நெட் வீக் என்பார். முகத்தைக் காட்டுகிற நெட் சுவரைக் காட்டாதா என்று பலமுறை கேட்டிருக்கிறேன். அதனால் இந்த மூன்று நாளும் அவரை விடாமல் வேவு பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

கேபின் அழகாகவே இருந்தது. உள்ளே நுழைந்ததும் புது மரப்பெட்டி வாசம். எங்களுக்கு ஒரு பெரிய கட்டில், பிள்ளைகளுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கட்டில், ஒரு மூலையில் அடுப்பும் தொட்டியும், வெளியே இரண்டு நாற்காலி போட்ட சின்ன வராந்தா. பின்னால் ரோலர் கோஸ்டரின் தண்டவாளம் வானத்தில் வளைந்து போனது. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை அங்கிருந்து கூட்டமாக அலறல் வரும், உடனே அடங்கிவிடும். மகள் ஓடிப்போய் மேல் கட்டிலில் ஏறி "இது எனக்கு" என்றாள். அவர் உள்ளே வந்ததும் சுவரைத் தட்டிப் பார்த்தார். ஏணியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பிறகுதான் பையைக் கீழே வைத்தார்.

பையைப் பிரித்தபோது எனக்கு வேடிக்கையாக இருந்தது. எல்லாம் இருக்கிற இடத்துக்கு மனுஷன் சொந்தமாக ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஒரு போர்வை, ஒரு கொத்துத் துணிக் கிளிப் எல்லாம் கொண்டுவந்திருந்தார். தட்டின் அடியிலும் தம்ளரின் அடியிலும் மார்க்கரால் ஓர் எண் எழுதியிருந்தது.

"இதென்ன, ரேசன் கார்டு நம்பரா?"

"இல்லன்னா வேற எவனாவது எடுத்துட்டுப் போயிருவான்."

"இங்க யாரு எடுப்பா? நானா?"

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். சாப்பிட்டதும் தன் தட்டை மட்டும் கழுவித் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அலமாரியில் இடம் கிடந்தது.

மறுநாள் காலை குளிக்கப் போனேன். குளியலறையில் ஷவர் இருக்கிறது, சுடுதண்ணீர் வருகிறது. ஆனால் தரை துடைக்க வைத்திருந்த வாளியில் விளிம்பு வரை தண்ணீர். வெளியே வந்து பார்த்தால் அடுப்படிப் பாத்திரத்திலும் தண்ணீர், காலி பாட்டில்களிலும் தண்ணீர். ஊரில் குழாயடிச் சண்டை போட்ட நான்கூட இப்படிப் பிடித்து வைத்ததில்லை.

"ஏங்க, என்ன இது?"

"காலையில எல்லாரும் ஒண்ணா எந்திச்சா தண்ணி நின்னுரும்லா?"

"எல்லாரும்னா? நாம மூணு பேரு."

அவர் யோசித்தார். "ஆமா, மூணு பேருதான்" என்றார், இப்போதுதான் எண்ணிப் பார்த்தவர்போல.

இன்னொன்றும் கவனித்தேன். அவர் விளக்கைப் போடுவதே இல்லை. நான் கண் விழித்தபோது விடிந்தும் விடியாமலும் இருந்தது. மனுஷன் குளித்து, சட்டை மாட்டி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றார். பூனைகூட அவ்வளவு சத்தமில்லாமல் நடக்காது. எங்கே போறீய என்றேன். "எங்கயும் இல்ல, நாலு மணிக்கு முழிப்பு வந்துட்டு" என்றார். டூட்டி பஸ் இல்லாத காலையில் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. வராந்தாவில் போய் உட்கார்ந்து, மற்ற கேபின்கள் விழிக்கும்வரை மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

பார்க்குக்குள் போனால் அங்கேயும் அவருக்கு வேறு உலகம். எல்லோரும் ரோலர் கோஸ்டரை அண்ணாந்து பார்க்கிறார்கள், இவர் அதன் காலைப் பார்க்கிறார். தூண் தரையில் நிற்கும் இடம், அங்கே இருக்கிற போல்ட், தகடு, வெல்டிங். குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து "நல்லா போட்டிருக்கானுவ" என்று சான்றிதழ் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் பிள்ளையைப் பக்கத்திலிருந்த சின்ன ராட்டினத்தில் ஏற்ற விட்டார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாகூட ஏறு" என்றேன். மாட்டேன் என்று தலையாட்டினாள். அவர் ஐஸ்கிரீம் வாங்கி நீட்டினார். அவள் என்னைப் பார்த்தாள். நான் வாங்கி அவளிடம் கொடுத்தேன். அவர் வேலிக்கு வெளியே எங்கள் பைகளைச் சுமந்துகொண்டு, போனைத் தூக்கி எங்களைப் படம் பிடித்தார். போன் அவர் முகத்துக்கு முன்னால் இருக்கும் வரை அவள் பல் தெரியச் சிரித்தாள். அவர் அதை இறக்கியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. திரும்பும் வழியில் அவளை நிறுத்தி ஏசினேன். "பெத்த அப்பன்ட்டி அது. பூச்சாண்டியா? ஒரு வார்த்த பேசினா வாயா தேஞ்சிரும்?" அவள் அழுதாள். அவர் என்னைத்தான் கோபித்துக்கொண்டார்.

"அவளத் திட்டாத. கயித்தக் கட்டி இழுக்க அது மாடா?"

சொல்லிவிட்டு எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்தார். நாளைக் காலை பதினொரு மணிக்குக் கேபினைக் காலி செய்ய வேண்டும் என்பது எனக்கு நினைவுக்கு வந்தது.

மத்தியானம் மீன் வறுத்தேன். மூவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். மகள் விசும்பல் தீராமல் மேல் கட்டிலில் ஏறிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். நான் தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வெயில் நேராகக் கீழ்க் கட்டிலில் விழுந்தது. அவர் பெரிய கட்டிலுக்கு வராமல் அதில் உட்கார்ந்து, பையிலிருந்து தன் போர்வையை எடுத்தார். போர்த்திக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அதன் விளிம்பை மேல் கட்டிலின் மெத்தைக்கு அடியில் செருகினார். நான்கு கிளிப் இந்தப் பக்கம், மூன்று அந்தப் பக்கம். போனைத் தலைமாட்டில் சாய்த்து வைத்தார், தம்ளரைச் சுவரோரம் வைத்தார், சின்ன டார்ச் ஒன்றை மேல் கட்டிலின் கம்பியில் மாட்டி எரியவிட்டார். எல்லாம் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கை தானாகச் செய்தது. பிறகு உள்ளே போய்ப் படுத்து, போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

நீலத்தில் வெள்ளைக் கட்டம் போட்ட போர்வை அது.

அந்தக் கட்டத்தை எனக்குத் தெரியும். ஏழு வருஷமாகப் போனில் அவர் முகத்துக்குப் பின்னால் பார்க்கிறேன். ஜன்னல் திரை என்று நினைத்திருந்தேன். "அந்தத் திரையக் கழத்தி ஒரு தடவ தொவைக்கக் கூடாதா?" என்றுகூட ஒருமுறை கேட்டிருக்கிறேன். அடுத்த வாரம் துவைக்கேன் என்று அவரும் சொல்லியிருக்கிறார்.

ஈரக் கையோடு போய்க் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"ரூம்ல எத்தன பேரு?"

"எட்டு."

"ரெண்டு பேருன்னுதான எங்கிட்ட சொன்னீய?"

"மேல ஒருத்தன், கீழ நான். ஒரு கட்டிலுக்கு ரெண்டு பேருதான?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. எட்டுப் பேர் என்பதற்காக இல்லை. ஆறடிக்கு இரண்டரையடி இடத்தில் ஏழு வருஷம் படுத்துக்கொண்டு, எனக்கு மட்டும் ஒரு ஜன்னலைக் காட்டிக்கொண்டிருந்ததற்காக. திரையைத் துவைக்கச் சொன்ன என்னை நினைத்து எனக்கே கூசியது.

"ஏன் மறைச்சீய?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது.

"சத்தம் போடாதளா. நல்ல ஆளுவதான் எல்லாரும். நைட் டூட்டி பாத்துட்டு வந்தவன் பகல்ல ஒறங்கணும்லா, அதுக்குத்தான் ஆளுக்கு ஒரு துணி. அதுக்குள்ள இருந்துதான் உங்ககிட்ட பேசுவேன். எனக்கு அதுவே போதும்."

நான் பேசிய சத்தத்தில் மேல் கட்டிலிலிருந்து மகள் தலையைத் தொங்கவிட்டுப் பார்த்தாள். பிறகு ஏணியில் இறங்கினாள். என்னைத் தாண்டிப் போய்ப் போர்வையின் ஓரத்தைத் தூக்கினாள்.

உள்ளே டார்ச் வெளிச்சத்தில் அவர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். முகத்துக்குப் பின்னால் நீலக் கட்டம். அவள் நெடுநேரம் பார்த்தாள். தெரிந்த ஒன்றைக் கண்டுபிடித்த பார்வை அது.

"அப்பா," என்றாள். "சாப்ட்டீயளா?"

அரை மணி நேரத்துக்கு முன்னால் ஒரே மீனை மூவரும் பங்கு போட்டுச் சாப்பிட்டிருந்தோம். அவர் அதைச் சொல்ல வாயெடுத்தார். நான் வேண்டாமென்று கையைக் காட்டினேன்.

"சாப்ட்டேன்ட்டி. நீ சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். மீனு."

அவள் உள்ளே ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். போர்வை அவளுக்குப் பின்னால் விழுந்து மூடிக்கொண்டது. எனக்குக் குரல்கள் மட்டும்தான் கேட்டன. அவள் தீம் பார்க்குக்குப் போன கதையை அவருக்குச் சொன்னாள். அங்கே எவ்வளவு பெரிய சறுக்கு இருக்கிறது, ராட்டினம் எத்தனை சுற்று சுற்றியது, ஐஸ்கிரீம் என்ன நிறம், அம்மா எப்படித் திட்டினாள், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். கூடவே வந்த மனுஷன் எதையுமே பார்க்காதவர்போல "அப்படியா? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே ரோலர் கோஸ்டர் அலறி அலறி அடங்கியது. நான் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். சத்தம் வராமல் பார்த்துக்கொண்டேன்.

வெயில் கட்டிலை விட்டு நகர்ந்து சுவருக்குப் போயிருந்தது. தினமும் பேசுகிற நேரம் முடிந்துவிட்டதென்று அவளுக்கு எப்படித்தான் தெரிந்ததோ.

"சரிப்பா," என்றாள். "வச்சிரவா?"



"வைக்காத," என்றார். "இன்னைக்கு எனக்கு டூட்டி இல்ல."