ஏணியை மேலே இழுத்துக்கொண்டவள்

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், முப்பத்தொரு வருஷம் எக்ஸ்ரே எடுத்தவள் அவள். டாக்டர்களிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் எல்லோருக்கும் அவள் ‘எக்ஸ்ரே அக்கா’தான். ஓய்வு பெற்ற மறுவாரமே, இத்தனை காலம் சூரியனைப் பார்க்காமல் இருந்ததற்கு ஈடுகட்டுகிற மாதிரி ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கினாள். ஒன்பது மீட்டர் நீளம். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், ஒருவர் மட்டும் நிமிர்ந்து நிற்கலாம்.

கணவர் தையல்காரர். மறுபேச்சுப் பேசவில்லை. கிழிந்த பாய்களைக் கடைக்குத் தூக்கிவந்து, ஓரம் மடித்து, தன் மெஷினிலேயே தைத்துக் கொடுத்தார். மூன்று வருஷம் இருவரும் படகு ஓட்டப் பழகினார்கள். பிறகு, நாலு நாள் கடலுக்கு அப்பால் இருக்கிற தீவுகளுக்குப் போய் மூன்று மாதம் சுற்றிவிட்டு வருவதாகக் கிளம்பினார்கள். காற்று முதுகுப்பக்கம் தள்ளுகிற பருவம் அது. இரண்டு மாதம்தான் நீடிக்கும்.

கிளம்பிய இரண்டாம் நாள் சுக்கான் கனத்தது. திருப்பினால் முனகியது. பின்பக்கத்து அடித்தட்டில் தண்ணீர் கட்ட ஆரம்பித்தது. தண்ணீரை வாளியால் இறைத்துக்கொண்டே கரையோரமாக வந்து, முன்பின் தெரியாத ஒரு துறைமுகத்துக்குள் நுழைந்தார்கள். அங்கிருந்த பட்டறையில் கிரேன் வைத்துப் படகைத் தூக்கி, இரும்பு முட்டுகளுக்கு நடுவே கரையில் நிறுத்தினார்கள்.

“சுக்கான் தண்டச் சுத்தி இருக்கற புஷ் தேஞ்சு போச்சு, அதான் தண்ணி. ரெண்டு நாள் வேலை” என்றார் பட்டறை மேஸ்திரி. சொன்ன வாக்குத் தவறாமல் இரண்டாம் நாள் சாயங்காலம் புது புஷ்ஷை மாட்டிவிட்டார்.

அக்கா படகுக்கு அடியில் குனிந்து போய்ப் பார்த்தாள். சுக்கானைத் தாங்குகிற எஃகுத் தண்டு படகின் அடிவயிற்றிலிருந்து வெளியே வருகிற இடத்தில் முடி கனத்துக்கு ஒரு கோடு. கட்டைவிரல் நகத்தால் வருடினாள். நகம் மாட்டியது.

“இது விரிசல்” என்றாள்.

மேஸ்திரி எட்டிப் பார்த்தார். “கீறல்மா. மண்ணு உரசினா விழறதுதான். பாலீஷ் போட்டா போயிடும்.”

“நகம் மாட்டுதுங்க.”

“நான் இருபத்தாறு வருஷமா தண்டு பாக்கறேன்.”

“நான் முப்பத்தோரு வருஷமா விரிசல் பாக்கறேன்.”

மேஸ்திரி தையல்காரரைப் பார்த்துச் சிரித்தார். தையல்காரர் சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். “படகத் தண்ணில இறக்க நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு கிரேன் வருது. அத விட்டா பெரிய படகுங்க வரிசையா நிக்குது, பன்னெண்டு நாளைக்குக் கிடைக்காது” என்று சொல்லிவிட்டு மேஸ்திரி போய்விட்டார்.

அன்று ராத்திரி படகிலேயே படுத்திருந்தபோது தையல்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். “அவருக்குத் தெரியாதா என்ன? நீ எலும்பு பாத்தவ. இது இரும்பு.”

அக்காவுக்கு ஒரு பழைய படம் ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம் ஒரு லாரி கிளீனரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். லாரி மேலிருந்து விழுந்தவன். இடுப்புப் படத்தில், தொடை எலும்பின் கழுத்தில், இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி ஒரு கோடு. டியூட்டி டாக்டரிடம் காட்டினாள். “படம் எடுக்கறது உன் வேலை, பாக்கறது என் வேலை” என்றார் அவர். அவளும் வாயை மூடிக்கொண்டாள். கிளீனர் நடந்தே வீட்டுக்குப் போனான். மூன்றே வாரத்தில் எலும்பு முழுசாக விலகி, ஆயுசுக்கும் கோலூன்றுகிறவனாகத் திரும்பி வந்தான். அதற்குப் பிறகு சந்தேகமான படம் எதுவானாலும் உறையின் மேல் பென்சிலால் ‘மறுபடி பார்க்கவும்’ என்று எழுதியே அனுப்பினாள். அதற்காக இரண்டு தடவை மெமோ வாங்கினாள். மூன்றாவது மெமோவையும் கொடுங்கள் என்று மேலதிகாரி முகத்துக்கு நேராகக் கேட்டவள்.

காலை எட்டு மணிக்கு கிரேன் வந்தபோது அக்கா படகின் மேல்தட்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஏணி அவள் பக்கத்தில் கிடந்தது. மேலே இழுத்துக்கொண்டிருந்தாள்.

“இறங்குங்கம்மா. ஆள் மேல இருந்தா தூக்கக்கூடாது” என்று கிரேன் ஓட்டுபவர் கத்தினார்.

“தெரியும்.”

மேஸ்திரி ஓடிவந்தார். “தெரிஞ்சே பண்றீங்களா?”

“தெரியாம யாராவது இவ்ளோ உயரத்துல வந்து உக்காருவாங்களா?”

“சார், நீங்களாவது சொல்லுங்க சார்.”

தையல்காரர் அண்ணாந்து மனைவியைப் பார்த்தார். “முப்பத்து நாலு வருஷமா சொல்லிட்டுதான் இருக்கேன்” என்றார். பிறகு, என்ன நினைத்தாரோ, ஒரு பெயிண்ட் டின்னைக் கவிழ்த்துப்போட்டு படகின் நிழலில் அவரும் உட்கார்ந்துவிட்டார்.

பதினொன்றரை வரைக்கும் பார்த்துவிட்டு கிரேன் போய்விட்டது. கிரேன் போனது உறுதியான பிறகுதான் அக்கா ஏணியை இறக்கினாள். மேஸ்திரியின் முகம் சிவந்திருந்தது. கரையில் நிற்கிற படகில் யாரும் தங்கக்கூடாது என்கிற விதி அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சாயங்காலத்துக்குள் இருவரும் மூட்டை கட்டிக்கொண்டு, சலவைக் கடைக்கு மேலே இருந்த ஒரு சின்ன அறைக்குப் போனார்கள். கீழே மெஷின் சுற்றும்போதெல்லாம் கட்டில் அதிர்ந்தது. “கடல்ல இருக்கற மாதிரியே இருக்கு, நல்லதுதான்” என்றார் தையல்காரர்.

பட்டறைக்கு எதிரே லேத் வைத்திருந்தவர் அதிகம் பேசாத மனிதர். இரும்பில் விரிசல் பார்க்கிற சாயம் அவரிடம் இருந்தது. முதலில் சிவப்புச் சாயத்தைத் தெளித்து ஊறவிட வேண்டும். அதைத் துடைத்துவிட்டு மேலே வெள்ளை மருந்து அடித்தால், விரிசலுக்குள் புகுந்த சிவப்பு வெளியே கசிந்து காட்டிக்கொடுக்கும். அக்கா கேட்டதும் டப்பாக்களை எடுத்துக்கொண்டு வந்தார். பக்கத்துப் படகில் வேலை செய்தவர்களும் சுற்றி நின்றார்கள்.

வெள்ளை மருந்து காய்ந்தது. பத்து நிமிஷம் போனது. சிவப்பு வரவில்லை. அக்கா காட்டிய கோடு வெறும் கீறல்.

மேஸ்திரி கைகளை மட்டும் கட்டிக்கொண்டார். அது வாய்விட்டுச் சிரிப்பதைவிட மோசமாக இருந்தது. கூட்டம் கலைந்தது. அக்காவுக்குக் காது மடல் சுட்டது. முப்பத்தொரு வருஷத்தில் எத்தனை உறைகளில் வீணாகப் பென்சிலால் எழுதினோமோ என்று அந்த நிமிஷம் தோன்றியது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. வெள்ளைப் பூச்சின் மேல் ஓரத்தை, புது புஷ் தண்டை மூடுகிற இடத்தை, பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“தண்ட முழுசா இறக்கிப் பாக்கணும்” என்றாள்.

“இன்னுமா?” என்றார் மேஸ்திரி.

“நான் காட்டின இடம் தப்பு. ஒத்துக்கறேன். மூடி இருக்கற இடத்த இன்னும் யாரும் பாக்கலயே. சுக்கான் முனகுச்சு. கீறல் முனகாது.”

“இறக்கிட்டு ஒண்ணும் இல்லன்னா?”

“ஊர்ல எல்லார்கிட்டயும் எனக்கு மூளை கெட்டுப்போச்சுன்னு சொல்லிக்கங்க. நானே சாட்சி சொல்றேன்.”

அவளிடமிருந்து தப்பித்தால் போதும் என்றுதான் மேஸ்திரி சம்மதித்தார். மறுநாள் தண்டை உருவி மரக்கட்டைகளின் மேல் கிடத்தினார்கள். மறுபடி சாயம், மறுபடி மருந்து. இந்தத் தடவை காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை. புஷ்ஷுக்குள் மறைந்திருந்த பகுதியில், வெள்ளையைக் கிழித்துக்கொண்டு, தண்டின் முக்கால் சுற்றுக்கு ஒரு சிவப்புக் கோடு எழும்பியது.

லேத்காரர் குனிந்து பார்த்தார். “நடுக்கடல்ல ஒரு பெரிய அலை போதும்” என்றார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

மேஸ்திரி தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். தப்பு என்னுடையது என்று அப்போதும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. “புதுத் தண்டுக்கு ஆறு வாரம் ஆகும். எஃகு வெளிலேருந்து வரணும்” என்றார்.

ஆறு வாரத்தில் நல்ல காற்று முடிந்துவிடும். அக்காவுக்கும் தெரியும். மகள் போன் செய்தாள்.

“அம்மா, போதும்மா. படக அங்கயே வித்துட்டு பஸ் ஏறுங்க. உயிர் பொழச்சதே பெருசு.”

“உயிர் பொழைக்கறதுக்குத்தானே ஏணிய இழுத்தேன். வீட்டுக்கு வர்றதுக்கா இழுத்தேன்?”

“அப்பாகிட்ட குடுங்க.”

தையல்காரர் போனை வாங்கி, “உங்கம்மா சொல்றதுதான்” என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

காத்திருந்த நாட்களில் அவள் ஒரு நாள்கூட அறையில் உட்காரவில்லை. காலையில் லேத் பட்டறைக்குப் போய்விடுவாள். எஃகு வந்த பிறகு, அதைக் கடைகிற ஒவ்வொரு மணி நேரமும் பக்கத்தில் நின்றாள். “வேற வேலை இல்லையா உங்களுக்கு?” என்று லேத்காரர் ஒரு தடவை கேட்டார். “இதான் வேலை” என்றாள். தையல்காரர் கீழே சலவைக் கடையில் பொத்தான் தைத்துக் கொடுத்து, அந்தத் தெரு முழுக்கச் சிநேகம் பிடித்துவிட்டார். மேஸ்திரியோ, படகு தூக்க வருகிறவர்களிடம் அவளைத் தூரத்திலிருந்து காட்டி, “அந்தம்மா பக்கம் போகாதீங்க, உங்க படகயும் கழட்டச் சொல்லும்” என்று எச்சரித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேர் அதைக் கேட்டு நேராக அவளிடமே வந்து, தங்கள் சுக்கானையும் கொஞ்சம் பார்க்கச் சொன்னார்கள்.

ஏழாவது வாரம் படகு தண்ணீரில் இறங்கியது. சுக்கான் விரலால் தள்ளினாலே திரும்பியது. அதற்குள் காற்று திசை மாறியிருந்தது. துறைமுகத்தில் எல்லோரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள்: வீட்டுப் பக்கம் திரும்பினால் காற்றே கொண்டுபோய் விட்டுவிடும், தீவுப் பக்கம் போனால் வழி முழுக்க எதிர்க்காற்று.

“நாலு நாள் வழி பத்து நாள் ஆகும்” என்றார் மேஸ்திரி.

“பத்து நாளைக்குச் சாமான் ஏத்தியாச்சு” என்றாள் அக்கா.

பத்து நாள் இல்லை, பதினொரு நாள் ஆனது. இடதுபக்கம் அரை நாள், வலதுபக்கம் அரை நாள் என்று காற்றை வெட்டி வெட்டி ஏறினார்கள். தையல்காரர் பாதி வழி வாந்தி எடுத்தார், மீதி வழி பாய் தைத்தார். உடம்பில் உலர்ந்த துணி என்று ஒன்றுமில்லை. பதினொன்றாம் நாள் மத்தியானம் தீவின் சின்னத் துறையில் கயிறு கட்டினார்கள்.

கரையில் கால் வைத்ததும் மகளுக்குப் போன் செய்தாள்.

“எப்பம்மா திரும்பி வருவீங்க?” என்றாள் மகள்.

“இப்பதான் வந்திருக்கோம்” என்றாள் அக்கா. “மூணு மாசம்னு சொல்லிட்டுதானே கிளம்பினேன். அத இன்னைலேருந்து எண்ணிக்க.”