மாடிப்படியில் பால்மா வரிசை

எரிபொருள் இல்லாததால் அரசாங்க உத்தியோகத்தர்கள் தினமும் கந்தோருக்கு வரத் தேவையில்லை என்று அறிவித்த நாட்களில், என் வீட்டில் எல்லோருக்கும் என்னைக் கண்டால் பயம் பிடித்துக்கொண்டது. வேலையில்லாமல் வீட்டில் இருந்தால் நான் முதலில் அலுமாரிகளை இடம் மாற்றுவேன். அலுமாரிகள் முடிந்ததும் மனிதர்களைப் பிடிப்பேன். முதலில் என் கணவர் அகப்பட்டார். அவர் ஒருவாறு திருந்திய பிறகு, மாத்தளை மெயின் ரோட்டில் கலைக்கூடம் நடத்தும் என் சிநேகிதி அகப்பட்டாள்.

அவளும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். நான் படித்தேன், அவள் என் கொப்பிகளின் ஓரங்களில் படம் வரைந்தாள். பிறகு கண்டிக்கும் கொழும்புக்கும் போய் முறையாக ஓவியம் படித்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்து, அவளுடைய சாச்சாவின் கடைக்கு மேல்மாடியில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்தாள். சாச்சா என்றால் அவளுடைய வாப்பாவின் தம்பி. கீழே அவருடைய கராம்பு, மிளகு, ஏலக்காய் வியாபாரம். மேலே இவளுடைய கலைக்கூடம். படம் பார்க்க வருகிறவர்கள் முதலில் இரண்டு தும்மல் தும்மிவிட்டுத்தான் பார்க்கத் தொடங்குவார்கள்.

தும்முவதற்குக்கூட ஆள் வராத காலம் அது. பெட்ரோல் இல்லை, கேஸ் இல்லை, பாதி நாள் கரண்ட் இல்லை. வெளிநாட்டுக்காரர்கள் வருவது நின்றுபோயிருந்தது. உள்ளூர்க்காரர்கள் ஏதாவது ஒரு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். புதிய கண்காட்சியொன்றின் திறப்பு விழாவுக்கு அவள் அழகான அழைப்பிதழ் அடித்து வைத்திருந்தாள். விழா நடக்கவில்லை. படங்கள் மட்டும் சுவரில் ஏறின. அழைப்பிதழ்கள் பெட்டியோடு மேசைக்கு அடியில் கிடந்தன.

அப்போதுதான் சாச்சா மேலே ஆளனுப்பி எங்களைக் கீழே கூப்பிட்டார். அவருடைய மருமகனுக்குப் போன் கடை போட இடம் வேண்டுமாம்.

"மகள், நான் காலேல இருந்து பொழுதுபட்டு மஃரிபு பாங்கு செல்ற மட்டும் இந்தப் படிக்குப் பக்கத்துலதான் ஈக்கிறன். ஒரு மனுசனாச்சும் ஏறிப் போறத நான் காணல்ல. சும்மா பூட்டி வெச்சு யாருக்குப் புண்ணியம்? ஹஜ்ஜுப் பெருநாள் மட்டும் பாப்பன். ஆள் வந்தா நீங்க ஈங்க. வராட்டி போன் கட."

அவர் கெட்ட மனிதர் அல்ல. கண்ணால் காணாத எதையும் நம்பாதவர், அவ்வளவுதான். மிளகைக்கூட வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துத்தான் வாங்குவார்.

சிநேகிதி என்னிடம் வேறொரு செய்தியும் சொன்னாள். கட்டாரில் இருக்கும் அவளுடைய நானா, அதாவது மூத்த சகோதரர், கலைக்கூடத்தை மூடிவிட்டுத் தன்னிடம் வரும்படி கூப்பிடுகிறாராம். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாமாம். அவள் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தும் வைத்துவிட்டாள்.

"அப்ப நான்?" என்று கேட்டேன்.

"ஒனக்கென்னடி, ஒனக்குப் புருசன் ஈக்கிறாரே" என்றாள்.

புருசன் வேறு, சிநேகிதி வேறு. புருசனிடம் புருசனைப் பற்றிக் குறை சொல்ல முடியுமா? அவள் போய்விட்டால் இந்த ஊரில் எனக்குப் பேச்சுத் துணைக்கு ஆளில்லை என்ற பயம் அன்றுதான் வந்தது. அவளைப் போகவிடுவதில்லை என்று தீர்மானித்தேன். அவளைக் கேட்காமல்தான்.

சாச்சாவுக்குத் தேவை படியில் கால்கள். சரி, கால்களைக் காட்டுவோம் என்று முதலில் என் கணவரை அனுப்பினேன். காலையில் நீளக் காற்சட்டையோடு ஏறி இறங்கினார். மத்தியானம் சாரமும் தொப்பியுமாக ஏறினார். பின்னேரம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஏறியபோது சாச்சா நிமிர்ந்து பார்த்து, "தம்பி, மேல எதையும் விட்டுட்டு வந்துட்டீங்களா? காலேல இருந்து தேடுறீங்க?" என்று கேட்டாராம். மனிதர் வெட்கப்பட்டு, போகிற போக்கில் கால் கிலோ மிளகு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அதன்பிறகு அந்த ரோட்டுப் பக்கமே போகமாட்டேன் என்றுவிட்டார்.

பெருநாளுக்குச் சில நாட்களே இருந்தபோது மழை எங்களுக்கு உதவி செய்தது. பக்கத்து ஒழுங்கையில் உள்ள கேஸ் கடைக்கான வரிசை, சாச்சாவின் கடையைத் தாண்டி நீண்டிருந்தது. வெற்றுச் சிலிண்டர்களை ஒரே சங்கிலியில் கோத்துப் பூட்டு போட்டிருந்தார்கள். பின்னேரம் அடித்து ஊற்றியது. சிலிண்டர்களை ரோட்டில் விட்டுவிட்டு ஆட்கள் சாச்சாவின் கடைக்குள் ஓடிவந்தார்கள். சாச்சா இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார்.

"கராம்பு நனையும்! இங்க வாராதீங்க! மேல போங்க, மேல எடமீக்குது!"

மேலே சிநேகிதி கதவை அகலத் திறந்துவிட்டாள். பாவம் அந்த மனிதர்கள், ஒதுங்க வந்த இடத்திலும் ஒருவரையொருவர் நம்பவில்லை. ரோட்டில் நின்ற அதே ஒழுங்கில், முன்னால் நின்றவர் முன்னால், பின்னால் நின்றவர் பின்னால் என்று மண்டபத்துச் சுவரோரமாக ஒரு சுற்று வந்து, மாடிப்படி நெடுக நின்று, வாசல் வரையில் ஒரு வரிசை போட்டுவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் எங்கள் நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வரிசையொன்றைக் கண்டால் முதலில் அதில் நின்றுவிட வேண்டும். எதற்கான வரிசை என்பதைப் பிறகு விசாரித்துக்கொள்ளலாம். கலேவெல பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் எங்கள் படியில் வரிசையைக் கண்டார்கள், நின்றார்கள். அவர்களைக் கண்டு நாவுலைக்குப் போகவிருந்தவர்கள் வந்து நின்றார்கள். "மொனவாத தென்னே?" என்று ஒருவர் கேட்டார். என்ன கொடுக்கிறார்கள் என்று சிங்களத்தில் கேட்கிறார். முன்னால் நின்றவருக்கும் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்வது வரிசையில் நிற்பவனுக்கு மரியாதையல்லவே. "பால்மா போலத்தான்" என்றார். பால்மா என்றால் பால் பவுடர்; அதுவும் அப்போது கடைகளில் கிடைக்கவில்லை.

மழை விட்டதும் கேஸ்காரர்கள் சிலிண்டர்களிடம் இறங்கிப் போனார்கள். அவர்கள் விட்ட இடத்துக்குப் பால்மாக்காரர்கள் ஏறி வந்தார்கள். சுவரில் இருந்த ஒரு படம் எங்கள் நிலைமையை இன்னும் மோசமாக்கியது. ஒரு கோப்பை பால்தேநீரும் பாதி கடித்த ஒரு பணிஸும் உள்ள படம். "பாருங்க, படமே போட்டு வெச்சிருக்காங்க" என்று ஒரு அம்மா பக்கத்தில் நின்றவருக்குக் காட்டினார். அந்த இடத்திலிருந்து வரிசை நகர மறுத்தது. எல்லோரும் அந்தக் கோப்பையை மாதக்கணக்கில் காணாத சொந்தக்காரரைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். முழுவதும் கருநீலமாக இருந்த இன்னொரு படத்தின் முன்னால் ஒருவர் தன் மனைவியிடம், "இது கரண்ட் இல்லாத நேரத்துல வரைஞ்சிருக்காங்க, பாவம்" என்றார்.

முதலாவதாக நின்ற பெண் மேசைக்கு வந்து பையை விரித்துப் பிடித்தாள்.

"ஒரு ஆளுக்கு எத்தன பக்கட் மிஸ்?"

என் சிநேகிதிக்குப் பொய் சொல்லத் தெரியாது. "இங்க ஒண்டும் குடுக்கல்ல. இது படம் பாக்கிற எடம்" என்றாள்.

ஒருவரும் நம்பவில்லை. அந்த மாதங்களில் கடைக்காரன் இல்லை என்று சொன்னால் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். பின்னாலிருந்து சத்தம் கிளம்பியது. "தெரிஞ்ச ஆளுங்களுக்கு எடுத்து வச்சிருக்காங்க!" என்று ஒரு குரல். "நாங்க கால் வலிக்க நிக்கிறோம்!" என்று இன்னொரு குரல். யாரோ தள்ள, பால்தேநீர்ப் படம் ஆணியில் ஒரு பக்கமாகச் சரிந்தது. சிநேகிதியின் முகம் வெளுத்துவிட்டது.

எனக்கோ கோபம் தலைக்கேறியது. கந்தோரில் பல வருடம் கவுண்டரில் இருந்தவள் நான். வரிசையில் நிற்கிறவனை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்பது எனக்குத் தெரியும். ஒரு துண்டுக் காகிதமாவது கையில் கொடுத்தால் அவன் பாதி சமாதானமாகிவிடுவான். மேசைக்கு அடியில் கையை விட்டேன். நடக்காத விழாவின் அழைப்பிதழ்கள் கட்டுக் கட்டாக வந்தன. ஒரு பக்கம் சாக்கின் மேல் தூங்கும் பூனையின் படம். மறுபக்கம் எப்போதோ கழிந்துபோன ஒரு நாள்.

"தள்ளாதீங்க! ஒரு ஆளுக்கு ஒண்ணுதான்! சுவத்தோட வாங்க! படத்துல கை வைக்கிறவங்களுக்குக் கிடையாது!"

மந்திரம் போட்டது போல அடங்கிவிட்டார்கள். முதல் பெண் அழைப்பிதழை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு, "இத எந்தக் கடைல குடுக்கணும்?" என்று கேட்டாள்.

"இது டோக்கன் இல்லம்மா. பூனப் படம். சும்மா வெச்சுக்கங்க" என்றாள் சிநேகிதி.

அந்தப் பெண் எல்லாம் தெரிந்தவளாகச் சிரித்தாள். "சரி சரி, வெளங்குது மிஸ். சத்தமா சொல்லமாட்டேன்."

அதன்பிறகு எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. உண்மையைச் சொல்லச் சொல்ல அவர்கள் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார்கள். வீட்டில் ஐந்து பேர் என்று ஒருவர் ஐந்து பூனைகள் கேட்டார். இன்னொருவர் சேர்ட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பெனியனோடு இரண்டாம் தடவை வந்தார்.

நான் கொடுத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். வரிசையில் சாச்சா நின்றார்.

மழை விட்டதும் அஸர் தொழப் பள்ளிவாசலுக்குப் போய்த் திரும்பியவர், தன் படியிலே பால்மா வரிசையைக் கண்டிருக்கிறார். கட்டாரிலிருந்து நானா பெட்டி அனுப்பியிருக்கிறான், சொந்தச் சாச்சாவுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் இவள் ஊருக்குக் கொடுக்கிறாள் என்று அவராகவே முடிவு செய்துவிட்டார். இடையில் புகுந்து கேட்க அவருடைய ரோசம் விடவில்லை. கடைசி ஆளாக நின்று, அண்ணன் மகளுடைய முகத்தை நேரே பார்த்து வாங்கி, அவளை வெட்கப்படுத்த வேண்டும் என்பது திட்டம். அதற்காகத் தன்னுடைய படியில் தானே ஒவ்வொன்றாக ஏறி, சுவரோரம் முழுச்சுற்று வந்து, நீண்ட நேரம் நின்று மேசைக்கு வந்து சேர்ந்தார்.

"எனக்கு ரெண்டு" என்றார். குரலில் அவ்வளவு மனத்தாங்கல்.

என் வாய் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டது. "ஒரு ஆளுக்கு ஒண்ணுதான்."

"இது என்ட கட்டடம்!"

"யாரா இருந்தாலும் ஒண்ணுதான்!" என்று அவருக்குப் பின்னால் புதிதாக வந்து சேர்ந்திருந்தவர்கள் ஒரே குரலில் கத்தினார்கள். சாச்சா ஒரு பூனையை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

"எல்லாம் முடிஞ்சிடி. அவரப் போய் இப்பிடி அவமானப்படுத்திட்டமே" என்று சிநேகிதி நாற்காலியில் சரிந்தாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அன்றிரவு என் கணவரோடு ஒரு காரணமும் இல்லாமல் சண்டை பிடித்தேன்.

மறுநாள் காலையில் நாங்கள் கதவைத் திறக்கும்போதே சாச்சா மேலே ஏறி வந்தார். கையில் அந்த அழைப்பிதழ். மூக்குக்கண்ணாடியைப் போட்டு முழுவதையும் வாசித்திருக்கிறார் போலும்.

"மகள், பால்மா இல்லத்தானே?"

"இல்ல சாச்சா. எப்பயும் இல்ல. நான் எல்லாரிட்டயும் செல்லித்தான் ஈந்தேன், ஒருத்தரும் நம்பல்ல."

அவர் தலையை ஆட்டினார். திட்டப்போகிறார் என்று நான் என் பதில்களை வரிசைப்படுத்திக்கொண்டேன். அவரோ எங்களைத் தாண்டிப் போய், ஜன்னல் பக்கச் சுவரில் இருந்த ஒரு படத்தின் முன்னால் நின்றார். அடைமழையில், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வயல் வரம்பில் ஓடும் ஒரு மனிதனின் படம்.

"நேத்து கியூ இதுலதான் ரொம்ப நேரம் நிண்டிச்சு" என்றார். "பாக்கிறத்துக்கு வேற ஒண்டுமில்ல, இவனத்தான் பாத்துட்டு நிண்டன். பொறகு பின்னால நிண்டவனுங்க தள்ளிட்டானுங்க. ஊட்டுக்குப் போயும் இவன்ட யோசினதான். இவன் ஊடு போய்ச் சேந்தானா மகள்?"

சிநேகிதி அவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "தெரியா சாச்சா. படத்துல இவ்வளவுதான் ஈக்குது."

"இவ்வளவுதானா?" என்றார். அவருக்கு அது அநியாயமாகப் பட்டிருக்க வேண்டும். படத்துக்கு இன்னும் கிட்டப் போனார், பிறகு பின்வாங்கினார், தலையைச் சாய்த்துப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கீழே கடை திறக்கவில்லை என்று யாரோ கூப்பிட்டும் அவர் இறங்கவில்லை. கடைசியில் எங்களைப் பார்க்காமலே, "மருமகனுக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு எடம் பாத்துக் குடுக்கிறன்" என்றார். சொல்லிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்தார்.

அந்த நேரம் பார்த்துச் சிநேகிதியின் போன் அடித்தது. கட்டாரிலிருந்து நானா. டிக்கட் போடுவதா இல்லையா என்று இன்றைக்குச் சொல் என்று அவர் கேட்பது எனக்கே கேட்டது. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்கும் தன் சாச்சாவைப் பார்த்தாள்.

"நானா, பொறகு பேசுறன்" என்றாள் மெதுவாக. "படம் பாக்க ஆள் வந்தீக்குது."